ஓட்டிவிடாமல் பார்க்க வேண்டிய சில டெல்டா வீடியோக்கள்

குறுவை நெல்லுக்கு நாற்று விடும் சமயம் வந்துவிட்டால் போதும், யூட்யூபைத் திறந்ததும் பாய் நாற்றங்கால், நடவு எந்திரம் என்று வரிசை கட்டி நிற்கும். கூடவே சுவாமிமலைச் சிலை வார்ப்பு, தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, பெரிய கோயில் ‘மர்மம்’, டிகிரி காபி. சமீபத்தில் பார்த்ததில் உருப்படியானவற்றைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஒரே விஷயத்தைப் பலர் எடுத்துப் போட்டிருக்கிறார்கள், தேடினால் எளிதில் கிடைக்கும். அதனால் எந்த வீடியோ என்பதைவிட, அதில் எந்த இடத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

நன்றாக எடுத்த வீடியோவிலும் ஒரு குறை உண்டு. காத்திருக்கும் நேரத்தை வெட்டிவிடுகிறார்கள். விதை ஊறுவது, மண் உலர்வது, மெழுகு இறுகுவது, எடை போடுவது எல்லாம் பின்னணி இசையோடு நாலு வினாடியில் ஓடிவிடும். வேலை கெடுவது பெரும்பாலும் அந்த நாலு வினாடிக்குள்தான்.

முதலில் பாய் நாற்றங்கால், அதாவது பாய்போல் சுருட்டி எடுக்கும்படி நெல் நாற்று வளர்ப்பது. இதில் பார்க்கிறவர்கள் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. ‘பாய் நாற்றங்கால்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேலைகளைக் காட்டுகிறார்கள். ஒன்று திருந்திய நெல் சாகுபடிக்கு, அதாவது ஒற்றை நாற்றாகக் கையால் நடுவதற்கு. இதற்கு ஒரு ஏக்கருக்கு ஒரு சென்ட் நாற்றங்கால், இரண்டிலிருந்து மூன்று கிலோ விதை. சதுர மீட்டருக்கு நூறு கிராமைத் தாண்டாது. இன்னொன்று எந்திர நடவுக்கு. இதற்கு ட்ரேயில் விதைக்கிறார்கள். ட்ரே ஏறத்தாழ 58 சென்டிமீட்டர் நீளம், 28 சென்டிமீட்டர் அகலம். ஒன்றுக்கு 120 முதல் 150 கிராம் விதை, ஏக்கருக்கு 80 முதல் 100 ட்ரே. கணக்குப் போட்டால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ முக்கால் கிலோவும் அதற்கு மேலும் வருகிறது. குறைந்தது ஏழெட்டு மடங்கு வித்தியாசம்!

முதல் வகை வீடியோவைப் பார்த்து நெருக்கமில்லாமல் விதைத்துவிட்டு, எந்திரத்தை வரச் சொன்னால் என்ன ஆகும்? வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாது. பாயைச் சுருட்டும்போதே பிய்ந்து போகும். எந்திரத்தின் நகம் போன்ற பாகம் ஒவ்வொரு முறையும் பாயிலிருந்து ஒரு துண்டைக் கிள்ளி எடுத்து நடுகிறது. அந்தத் துண்டில் நாற்று இல்லையென்றால் வெறும் மண்ணை நட்டுவிட்டுப் போகும். பின்னாலேயே ஆள் விட்டு இடைவெளி நிரப்ப வேண்டியதுதான். மாறாக, எந்திரத்துக்கான அடர்த்தியில் விதைத்த நாற்றைக் கையால் ஒற்றை நாற்றாகப் பிரித்தால் வேர் அறுந்துபோகும். எனவே வீடியோ பார்க்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது எத்தனை கிலோ விதை என்று சொல்கிறார்களா என்பது. அளவு சொல்லாத வீடியோவை அங்கேயே மூடிவிடலாம்.

மண் கலவைக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை எளிமையானது: பத்துப் பங்கில் ஏழு பங்கு மண், இரண்டு பங்கு நன்றாக மக்கிய தொழு உரம் அல்லது சர்க்கரை ஆலைக்கழிவு, ஒரு பங்கு உமி. ஒரு வீடியோவில் மண்ணைச் சலிக்கும் காட்சியை முழுசாக விட்டிருந்தார்கள், அதற்காகவே அதைப் பார்க்கலாம். சலிக்காத மண்ணில் ஒரு சின்னக் கல் இருந்தால்கூட எந்திரத்தின் நகம் அதில் மாட்டி வளைந்துபோகும். தொழு உரம் மக்காமல் இருந்தால் பாய்க்குள் சூடேறி நாற்று மஞ்சளாகும். மரச்சட்டம் வைத்து விடுவதென்றால் கலவை நாலு சென்டிமீட்டர் உயரம், ட்ரே என்றால் இரண்டு, இரண்டரை போதும். அடியில் பாலித்தீன் விரிப்பு கட்டாயம். விரிப்பில் ஓட்டை இருந்தால் வேர் அதன் வழியாகத் தரைக்குள் இறங்கிவிடும், அப்புறம் பாய் பெயராது.

விதைத் தேர்வில் உப்புக் கரைசல் காட்டுகிறவர்கள் முட்டையை மிதக்கவிட்டுக் காட்டுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் முட்டை அன்றைக்கு இட்டதா, பல வாரம் பழசா என்று யாரும் சொல்வதில்லை. பழைய முட்டை வெறும் தண்ணீரிலேயே மிதக்க ஆரம்பித்துவிடும். அதை நம்பினால் உப்பே போடாமல் ‘கரைசல் தயார்’ என்று நினைத்துக்கொள்வீர்கள். ஆகவே முதலில் நல்ல தண்ணீரில் போட்டு முட்டை அடியில் படுக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு பத்து லிட்டருக்கு ஒன்றரை கிலோ உப்பில் ஆரம்பித்து, முட்டையின் மேல்பக்கம் பழைய 25 பைசா அளவு வெளியே தெரியும் வரை கூட்டிக்கொண்டே போகலாம். மிதக்கிற பதரை வழித்து எடுத்ததும், அடியில் தங்கிய விதையை இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள். இந்த அலசலைத்தான் பாதி வீடியோக்களில் காணோம். உப்பு ஒட்டிய விதையில் முளைப்பு குறைந்துவிடும்.

24 மணி நேரம் ஊறல், அப்புறம் 24 மணி நேரம் ஈரச் சாக்கில் மூட்டம். முளை இரண்டு மூன்று மில்லிமீட்டர் எட்டிப் பார்த்ததும் விதைத்துவிட வேண்டும். இன்னொரு ராத்திரி விட்டால் முளைகள் பின்னிக்கொண்டு கட்டி கட்டியாக விழும், ஒரு பக்கம் அடர்த்தி, ஒரு பக்கம் வழுக்கை. முளைகட்டிய விதை தண்ணீர் குடித்துக் கனத்திருக்கும், நூறு கிராம் காய்ந்த விதை 130 கிராம் வரை நிற்கும். ட்ரேக்கு 120 கிராம் என்று முளைத்த விதையை நிறுத்துப் போட்டால் கிட்டத்தட்ட கால் பங்கு குறையும். தராசைக் காட்டும் வீடியோவில், தட்டில் இருப்பது காய்ந்ததா முளைத்ததா என்று நிறுத்திப் பாருங்கள்.

பதிவேற்றிய தேதியையும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. வைகாசி, ஆனி வெயிலில் குறுவை நாற்று விடுகிறவர் சாயங்காலம் விதைத்து, ஈர வைக்கோல் மூடி, பூவாளியால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை தண்ணீர் தெளிப்பார். ஆவணியில் சம்பாவுக்கு விடுகிறவருக்கு வேறு கவலை: இரவு மழை அடித்து விதையை ஒரு மூலைக்கு ஒதுக்கிவிடும். இரண்டு வீடியோவும் சரிதான், பருவம் மாற்றிப் பின்பற்றினால்தான் வம்பு. முளைத்து எட்டுப் பத்து நாளில் வெளிறினால் அரை சதவீத யூரியாவோடு அரை சதவீத ஜிங்க் சல்பேட் தெளிக்கச் சொல்கிறார்கள். பத்து லிட்டர் தண்ணீருக்கு ஐம்பது ஐம்பது கிராம்.

நடவு எந்திரம் ஓடும் வீடியோக்கள் கண்ணுக்குக் குளிர்ச்சி. ட்ரோனில் எடுத்ததை விட்டுவிட்டு, வரப்பில் உட்கார்ந்து எடுத்ததைத் தேடுங்கள், சேறு தெரியும். சேறு கலக்கிப் பரம்படித்த (பலகை இழுத்துச் சமன்செய்த) அன்றே எந்திரத்தை இறக்கினால் மிதவைப் பலகை சேற்றைத் தள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்து வரிசை நாற்றை மூடிவிடும். நம் களிமண்ணில் ஒரு நாள், சில இடங்களில் இரண்டு நாள் மண் படிய விட வேண்டும். அதிகம் படிந்தாலும் ஆபத்து, நகம் போட்ட குழி மூடாமல் நாற்று சாய்ந்துவிடும். விரலால் சேற்றில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு உடனே மறைந்தால் இன்னும் இளக்கம். அப்படியே நின்றால் இறுகிவிட்டது. மெல்ல மூடிக்கொண்டு வந்தால் எந்திரத்தை இறக்கலாம். தண்ணீர் ஒன்று, இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நிற்கக்கூடாது. நாற்று 14 முதல் 18 நாளைக்குள், ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். உயரம் போனால் நகத்தில் சுற்றிக்கொள்ளும்.

வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர் என்பது பல எந்திரங்களில் மாற்ற முடியாதது. செடிக்குச் செடி இடைவெளியை மட்டும் மாற்றலாம். ‘ஒரு ஏக்கருக்கு எவ்வளவு நேரம்’ என்று வீடியோவில் சொல்லும் கணக்கு பெரிய சதுர வயலுக்கானது. நம் பக்கத்தில் மூன்று மா சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர், அதுவும் நாலு துண்டாக இருக்கும். ஒவ்வொரு வரப்பிலும் திரும்புவதிலும் பாய் ஏற்றுவதிலும் நேரம் போய்விடும். வாடகை பேசும்போது மணிக்கணக்கா, ஏக்கர் கணக்கா என்று தெளிவாகப் பேசிக்கொள்ள இது ஒரு காரணம்.

அடுத்தது சுவாமிமலை. மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, சுட்டு மெழுகை வழிய விட்டு, அந்த இடத்தில் உலோகம் ஊற்றுவதுதான் இங்கே வார்ப்பு. வார்ப்பைப் பற்றி நிறைய ஆவணப்படங்கள் இருக்கின்றன, எல்லாவற்றிலும் உச்சக் காட்சி ஒன்றே: தகதகவென்று உலோகம் ஊற்றுவது. நான் சொல்ல வருவது அதற்கு முன்னால் வருவது. ஒரு வீடியோவில் ஸ்தபதி தென்னை ஓலையைக் கீற்றாகக் கிழித்து, மடித்து மடித்து நகத்தால் கீறுவதைக் காட்டுகிறார்கள். சிலையின் உயரத்துக்கு அந்த ஓலை. உத்தம தசதாளம் என்ற சிற்ப அளவுமுறை என்றால் ஓலை 124 பங்காகும், முகத்துக்கு இத்தனை, மார்புக்கு இத்தனை என்று அதிலிருந்துதான் அளவு. சிலை ஒரு அடியானாலும் ஆறு அடியானாலும் ஸ்கேல் தேவையில்லை, ஓலையின் நீளம் மாறினால் பங்கும் சேர்ந்து மாறிவிடும். இந்தக் காட்சி அரை நிமிஷம்கூட வராது. வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். கணினியில் என்றால் வீடியோவை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளிப் பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு படமாக முன்னால் நகரும், காற்புள்ளியை அழுத்தினால் பின்னால் வரும்.

மெழுகு உருவம் தேன்மெழுகும் குங்கிலியமும் கொஞ்சம் எண்ணெயும் சேர்த்தது. தேன்மெழுகு மட்டும் என்றால் வளையும், குங்கிலியம் கூடினால் ஒடியும். சித்திரை வெயிலில் வேலை செய்கிறவர்கள் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி வைத்துக்கொண்டு கை, கால், கிரீடம் என்று தனித்தனியாகச் செய்த துண்டுகளை அதில் போட்டு இறுக வைக்கிறார்கள். பிறகு சூடான இரும்பால் ஒட்டுவது. கைக்கும் உடம்புக்கும் நடுவே மெல்லிய மெழுகுக் குச்சிகள் பாலம் போட்டிருக்கும். மண் பூசும்போது கை வளையாமல் தாங்கவும், பிறகு உலோகம் அந்தக் கைக்குள் போய்ச் சேரவும் அவைதான் வழி. வார்த்து முடித்தபின் வெட்டி எடுத்துவிடுவார்கள்.

எடை போடும் காட்சி இருந்தால் அதை விடாதீர்கள். இங்கே வார்ப்பது கனவார்ப்பு, உள்ளே கூடு கிடையாது. மெழுகு இருந்த இடத்தை உலோகம் அப்படியே நிரப்பும். மெழுகின் அடர்த்தி தண்ணீரைவிடக் கொஞ்சம் குறைவு, வெண்கலத்தின் அடர்த்தி எட்டே முக்கால் மடங்கு. ஆக ஒரு கிலோ மெழுகு உருவத்துக்கு ஒன்பது கிலோ உலோகம். ஊற்றுவாய், காற்றுப்போக்கிகளின் மெழுகையும் சேர்த்துத்தான் நிறுக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் கடைசியில் உலோகம் பற்றாமல் தலையோ பீடத்தின் விளிம்போ அரைகுறையாக நிற்கும். இடையில் நிறுத்தி இன்னொரு தடவை உருக்கி ஊற்றலாம் என்றால் முடியாது. முதலில் போனது இறுகிவிடும், பின்னால் வந்தது அதன்மேல் ஒட்டாமல் கோடாக நிற்கும். அதனால்தான் மூசையிலிருந்து (உலோகம் உருக்கும் குடுவை) மெல்லிய, அறாத தாரையாக ஊற்றுகிறார்கள்.

மண் பூச்சில் காவிரி வண்டலுக்குத்தான் முதல் மரியாதை. நகத்தின் கோடு, ஆபரணத்தின் மணி எல்லாவற்றிலும் போய்ப் படிய வேண்டும் என்பதால் முதல் பூச்சு கண்ணுக்கு மணல் தெரியாத வண்டல், மெல்லிசாக. அது காய்ந்தபின் களிமண்ணும் மணலும் கலந்த கனமான பூச்சு, அதற்கும் மேல் கரடான பூச்சு. பெரிய உருவமானால் இரும்புக் கம்பி வைத்துக் கட்டுகிறார்கள். ஒவ்வொன்றும் நிழலில்தான் காய வேண்டும். வெயிலில் வைத்தால் உள்ளே மெழுகு விரிந்து மண்ணில் வெடிப்பு விழும், பிறகு அந்த வெடிப்புக்குள் உலோகம் ஓடிச் சிலையின்மேல் தகடு தகடாகப் படியும். வீடியோவில் இது ‘பிறகு உலர வைக்கிறார்கள்’ என்ற ஒரே வாக்கியம். ஈரம் மிச்சமிருந்தால் அதைவிட மோசம். செம்பு 1085 டிகிரியில் உருகுகிறது. அந்தச் சூட்டில் ஒரு சொட்டு ஈரம் ஆவியாகிச் சீறினால் உலோகம் வாய்வழியாகத் திரும்ப எகிறும். வறட்டி மூட்டிச் சுட்டு, மெழுகை வழிய விட்டு, அச்சு சூடாக இருக்கும்போதே குழிக்குள் நட்டு ஊற்றுவது இதற்காகத்தான். சில வீடியோக்களில் ஆட்கள் வெறும் காலோடு நிற்கிறார்கள். பார்க்கப் பதறுகிறது.

ஐம்பொன் என்றதும் தங்கமும் வெள்ளியும் கிலோக் கணக்கில் போடுவதாகப் பேசும் வீடியோக்களை நம்ப வேண்டாம். பெரும்பங்கு செம்பு, அதோடு பித்தளை, ஈயம். தங்கமும் வெள்ளியும் சாத்திரத்துக்குச் சிறு அளவுதான். இன்னொன்று: சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளில் நுணுக்கம் பெரும்பாலும் மெழுகிலேயே முடிந்திருக்கும். இன்று வார்த்தபின் உளியும் அரமும் கொண்டு செதுக்குவது அதிகம். ஒரே வீடியோவில் பழையதையும் புதியதையும் அடுத்தடுத்துக் காட்டினால், ஆபரணத்தின் ஓரத்தைப் பாருங்கள். பழையதில் வழவழப்பாக மடியும், புதியதில் கூர்மையாக வெட்டியிருக்கும்.

தலையாட்டி பொம்மை வீடியோக்களைக் குழந்தைகளோடு பார்க்கலாம், வீட்டிலும் செய்து பார்க்கலாம். இதில் பலரும் ‘அடியில் கனம் இருப்பதால் எழுந்து நிற்கிறது’ என்பதோடு விட்டுவிடுகிறார்கள். கனம் மட்டும் போதாது, அடிப்பாகம் அரைக்கோளமாக இருக்க வேண்டும், மொத்தப் பொம்மையின் எடைமையம் அந்தக் கோளத்தின் மையத்துக்குக் கீழே விழ வேண்டும். கணக்கு இப்படி: நாலு சென்டிமீட்டர் ஆரமுள்ள அரைக்கோளம் முழுக்கக் களிமண் என்றால் காய்ந்தபின் ஏறத்தாழ 240 கிராம் நிற்கும். அதன் எடைமையம் விளிம்புக்கு ஒன்றரை சென்டிமீட்டர் கீழே இருக்கும். மேல் உடம்பின் எடைமையம் விளிம்புக்கு ஐந்து சென்டிமீட்டர் மேலே என்று வைத்துக்கொண்டால், உடம்பு 72 கிராமைத் தாண்டக்கூடாது. தாண்டினால் பொம்மை சாய்ந்தே கிடக்கும். உடம்பைக் காகிதக் கூழிலோ ஒட்டுக் காகிதத்திலோ உள்ளே கூடாகச் செய்வது அதனால்தான். காகிதத்துக்கு மரவள்ளிமாவுப் பசை, அதில் பூச்சி அரிக்காமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம். மயில்துத்தம் விஷம், பிள்ளைகள் கையில் கொடுக்காமல் பெரியவர்கள் கலந்து தர வேண்டும்.

கெடுவது எங்கே என்றால், மண் காயும்போது ஒரு பக்கம் அதிகமாகச் சுருங்கி வெடிக்கும், பொம்மை ஒரு பக்கமாகச் சாய்ந்தே நிற்கும். உடம்பை ஒட்டுவதற்கு முன்பே கண்ணாடித் தட்டின்மேல் அடிப்பாகத்தை உருட்டிவிட்டு, எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்தில் உள்ளே ஒரு மண் உருண்டையை அப்பிச் சரிசெய்யலாம். வண்ணம் பூசிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது. தலை, இடுப்பு, பாவாடை தனித்தனியாக ஆடும் நாட்டியப் பொம்மை வேறு வகை. அது ஊசிமுனையில் தொங்கி ஆடுவது, இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது.

கல்லணை, பெரிய கோயில் வீடியோக்களைப் பற்றி அதிகம் சொல்ல மனமில்லை. ‘கோபுர நிழல் தரையில் விழாது’ என்று இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். காலை எட்டு மணிக்கோ சாயங்காலம் நாலு மணிக்கோ பிரகாரத்தில் போய் நின்றால் விமானத்தின் நிழல் தாராளமாக விழுவது தெரியும். 1010-இல் எழுப்பி முடித்த விமானம் சுமார் 216 அடி உயரம் என்பதே வியப்புக்குப் போதும். உச்சியில் இருப்பது 80 டன் ஒற்றைக் கல் என்பதும் நிழல் கதையைப் போலத்தான், அது பல துண்டுகள் சேர்ந்தது. கல்லணையைக் காட்டுகிறவர்கள் இன்று கண்ணில் படும் மதகையும் ஷட்டரையும் பாலத்தையும் கரிகாலன் கட்டியதாகவே பேசிவிடுகிறார்கள். அவையெல்லாம் ஆங்கிலேயர் காலத்திலும் பின்னாலும் வந்தவை. ஆற்றுமணலில் பாறைகளைப் போட்டு, அவை புதையப் புதைய மேலே அடுக்கி, இடையில் களிமண் வைத்த பழைய அணை அடியில் இருக்கிறது. ஆர்தர் காட்டன் 1836-இல் முக்கொம்பில் மேலணை எழுப்பியதையும், மேட்டூர் அணையோடு 1934-இல் புது ஆறு வந்ததையும் சேர்த்துச் சொல்லும் வீடியோ கிடைத்தால் பாருங்கள். காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று தண்ணீர் எப்படிப் பிரிகிறது என்பதை வரைபடத்தில் காட்டினால் இன்னும் நல்லது. வாய்க்கால் முறை பற்றிப் பேசுகிறவர்களுக்கு அது அவசியம்.

நரசிங்கம்பேட்டை நாகசுர வீடியோ ஒன்றில் ஆச்சா மரத்தைக் கடைசல் பிடிப்பதை முழுசாக விட்டிருக்கிறார்கள். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்தரம், தூண்தான் மூலப்பொருள். பச்சை மரத்தில் துளைத்தால் பிறகு மரம் சுருங்கித் துளை கோணும், சுருதி போய்விடும். ஏழு வாசிப்புத் துளையும் கீழே ஐந்தும் என்று பன்னிரண்டு, கீழ் ஐந்தில் விரல் படாது. சுருதி சேர்க்க அவற்றில் மெழுகு அடைப்பதை நெருக்கத்தில் காட்டுகிறார்கள்.

டிகிரி காபி வீடியோக்களில் நுரைக்குத்தான் கேமரா. பில்டரைக் காட்டுகிறவர்கள் குறைவு. 150 மில்லி தண்ணீருக்கு 25 கிராம் பொடி, சிக்கரி ஐந்தில் ஒரு பங்கு. பொடியைத் தட்டிச் சமப்படுத்தி, குடைத்தட்டை மெல்ல வைத்தால் போதும். அழுத்தினால் டிகாஷன் இறங்காது. பொடி மாவாக அரைத்திருந்தாலும் இறங்காது, அப்போது ஸ்பூனால் தட்டுகிறவர்கள் கலங்கலைத்தான் இறக்குகிறார்கள். தண்ணீர் கொதித்து இறக்கி அரை நிமிஷம் கழித்து, முதலில் பொடி நனையும் அளவு, பிறகு மீதி. மூடிவைத்துக் கால் மணி நேரம். இறங்கிய டிகாஷனை அடுப்பில் வைக்கக்கூடாது, பாலின் சூடே போதும்.